8 மெகாபைட் ஃபிளாஷ் எழுத ஒன்பது நிமிடம்: யுஎஸ்பி-யில் நேரம் எங்கே போகிறது?

#1 பட்டறைக்காரன்

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். தோட்டத்து பம்புசெட்டைக் கைபேசியில் அழைத்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் பலகை செய்கிறோம். விவசாயி அழைத்தால் பலகை குரலில் பதில் சொல்லும். "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது", "மும்முனை மின்சாரம் இல்லை", "கிணற்றில் தண்ணீர் இல்லை, மோட்டார் நிறுத்தப்பட்டது", இந்த மாதிரி. ஐந்து மொழிகளில் வேண்டும் என்பதால் ஒலிக்கோப்புகள் மைக்ரோகன்ட்ரோலருக்குள் அடங்கவில்லை. பக்கத்தில் ஒரு டபிள்யூ25க்யூ64 எஸ்பிஐ ஃபிளாஷ் நினைவகச் சில்லு, 8 மெகாபைட், வைத்திருக்கிறோம்.

அந்த ஃபிளாஷில் ஒலியை ஏற்ற நானே ஒரு ஜிக் (பலகையை மாட்டி எழுதும் சாதனம்) செய்தேன். கணினியிலிருந்து எஃப்டி232ஆர் (யுஎஸ்பி-யைச் சீரியலாக மாற்றும் சில்லு) வழியாக எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலருக்கு (சுருக்கமாக எஃப்103) சீரியல், அங்கிருந்து எஸ்பிஐ-யில் ஃபிளாஷுக்கு. கணினிப் பக்கம் பைத்தான். 256 பைட் அனுப்புவேன், எஃப்103 அதை ஒரு பேஜாக (ஃபிளாஷ் ஒரே முறையில் எழுதும் துண்டு) எழுதிவிட்டு ஒரு பைட் "ஓகே" திருப்பி அனுப்பும், வந்ததும் அடுத்த 256.

வேலை செய்கிறது, ஆனால் ஒரு பலகைக்கு ஒன்பது நிமிடம் ஆகிறது. ஒரு நாளைக்கு 40 பலகை வந்தால் ஆறு மணி நேரம் இதற்கே போய்விடுகிறது. ஆரம்பத்தில் சீரியல் வேகம், அதாவது பாட் ரேட், 115200 வைத்திருந்தேன், அப்போது ஏறக்குறைய 18 நிமிடம். 460800 ஆக்கினேன், பாதியாகக் குறைந்தது. சரி, இன்னும் ஏற்றுவோம் என்று 921600 போட்டால் ஒரு வினாடிகூடக் குறையவில்லை. அதே 9 நிமிடம் 4 வினாடி. எஸ்பிஐ கடிகாரத்தை 9 மெகாஹெர்ட்ஸிலிருந்து 18-க்கு ஏற்றியும் பார்த்தேன், மாற்றமே இல்லை.

480 மெகாபிட் ஹைஸ்பீட் யுஎஸ்பி உள்ள வேறு மைக்ரோகன்ட்ரோலருக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கரையோரம்

எனக்கும் இதே பிரச்சினை உண்டு, நான் இன்னும் கீழே இருக்கிறேன். யுஎஸ்பிஆஸ்ப் என்ற நிரல் ஏற்றும் கருவியை வைத்து ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலருக்கு 30 கிலோபைட் ஏற்றவே நெடுநேரம் ஆகிறது. கல்லூரி லேபில் எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். இழையைத் தொடர்கிறேன்.

#3 செம்புத்தடம்

பட்டறைக்காரன், சில்லை மாற்ற வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது.

8 மெகாபைட் என்றால் 8388608 பைட். 256-ஆல் வகுத்தால் 32768 பேஜ். மொத்த நேரம் 544 வினாடி. அதில் சிப் எரேஸுக்கு (முழு ஃபிளாஷையும் அழிக்க) டேட்டாஷீட் சொல்வது வழக்கமாக 20 வினாடி. அதைக் கழித்தால் 524. இதை 32768-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு பேஜுக்குச் சரியாக 16 மில்லிவினாடி வருகிறது.

இந்த 16 எங்கிருந்து வருகிறது தெரியுமா? எஃப்டி232ஆர்-இன் லேட்டன்சி டைமர். அதன் இயல்புநிலை மதிப்பே 16 மில்லிவினாடிதான். சீரியல் பக்கம் வரும் பைட்டுகளை அந்தச் சில்லு உடனுக்குடன் கணினிக்கு அனுப்பாது. ஒரு யுஎஸ்பி பாக்கெட் 64 பைட், அதில் முதல் இரண்டு நிலைத்தகவல், மீதி 62 உங்கள் தரவு. 62 நிரம்பினால் அனுப்பும், நிரம்பாவிட்டால் டைமர் முடியும் வரை வைத்துக்கொண்டிருக்கும். உங்கள் "ஓகே" ஒற்றை பைட். அது ஒவ்வொரு முறையும் டைமருக்காகக் காத்துக் கிடக்கிறது.

115200-இல் 18 நிமிடம் வந்ததும் இதனால்தான். அந்த வேகத்தில் 256 பைட் போகவே 22 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். முதல் 16-ஐத் தாண்டிவிட்டதால் இரண்டாவது 16 முடியும் வரை காத்திருப்பு. 32 பெருக்கல் 32768, ஏறக்குறைய 1048 வினாடி, எரேஸைச் சேர்த்தால் 17 நிமிடம் 48 வினாடி. 460800-இல் 256 பைட் ஐந்தரை மில்லிவினாடியில் போய்விடும், 921600-இல் மூன்றுக்கும் குறைவு. இரண்டுமே 16-க்குள் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் இரண்டிலும் ஒரே நேரம்.

விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த காம் போர்ட்டின் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு உள்ளே லேட்டன்சி டைமர் இருக்கும், 1 ஆக்குங்கள். லினக்ஸ் என்றால் சிஸ் கோப்புறையில் யுஎஸ்பி-சீரியல் பிரிவில் உங்கள் போர்ட்டுக்குக் கீழே லேட்டன்சி டைமர் என்றே ஒரு கோப்பு இருக்கும், அதில் 1 எழுதினால் போதும். ஃபர்ம்வேரில் ஒரு வரிகூட மாற்றாமல் முதலில் இதைச் செய்து நேரத்தைச் சொல்லுங்கள்.

#4 பட்டறைக்காரன்

அண்ணா, 3 நிமிடம் 5 வினாடி!

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், ஓரிரு வினாடிதான் வித்தியாசம். ஆறு மாதமாக இந்த ஜிக்கோடு மல்லுக்கட்டுகிறேன், ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. மிக்க நன்றி.

ஆனாலும் கணக்குப் போட்டால் பேஜுக்கு இன்னும் 5 மில்லிவினாடி ஆகிறது. பேஜ் எழுத வழக்கமாக 0.7 என்றுதான் டேட்டாஷீட் சொல்கிறது. மீதி எங்கே போகிறது?

#5 செம்புத்தடம்

அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். லாஜிக் அனலைசர் (கம்பிகளின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்யும் கருவி) இருக்கிறதா? 24 மெகாஹெர்ட்ஸ் எட்டு சேனல் மலிவான பெட்டி போதும். எஃப்103-இல் ஒரு காலியான பின்னை எடுத்து, 256 பைட் முழுதாக வந்ததும் மேலே தூக்கி, "ஓகே" அனுப்பும்போது கீழே இறக்குங்கள். சீரியல் இரண்டு கம்பி, ஃபிளாஷைத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ் கம்பி, இந்தப் பின், நான்கையும் ஒன்றாகப் பாருங்கள்.

#6 பட்டறைக்காரன்

பார்த்துவிட்டேன். படம் ஏற்ற முடியவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன்.

சீரியலில் 256 பைட் வந்து சேர 2.8 மில்லிவினாடி. பின் மேலே போகிறது. சிஎஸ் கீழே இறங்கி ஏறுகிறது, அது கால் மில்லிவினாடிகூட இல்லை. அடுத்து, ஃபிளாஷ் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லும் பிசி பிட்டைக் கேட்டுக் கேட்டு சிஎஸ் துடிக்கிறது, 0.6-லிருந்து 0.7 வரை. பின் இறங்குகிறது, "ஓகே" போகிறது. அதற்கப்புறம் எதுவுமே நடக்காமல் ஒன்று முதல் ஒன்றரை மில்லிவினாடிக்கு ஒரு வெறும் நேர்க்கோடு. பிறகு அடுத்த 256 வரத் தொடங்குகிறது.

ஃபிளாஷ் உண்மையாக வேலை செய்வது 5-இல் ஒரு மில்லிவினாடிகூட இல்லை. மீதி நாலும் வரும் நேரமும் காத்திருக்கும் நேரமும்தான். நேரில் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

#7 செம்புத்தடம்

இப்போது பிடித்துவிட்டீர்கள். மூன்று வேலைகள் இருக்கின்றன: வருவது, எழுதுவது, பதில் சொல்வது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. ஒருவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் அடுத்தவருக்கு இலை போடுவது மாதிரி. ஒரு பேஜ் ஃபிளாஷில் எழுதப்படும்போதே அடுத்த பேஜ் வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பேஜுக்குப் பேஜ் "ஓகே" கேட்பதை எடுத்துவிடுங்கள்.

வழி இரண்டு இருக்கிறது. எஃப்டி232ஆர்-ஐயே வைத்துக்கொண்டு ஆர்டிஎஸ்-சிடிஎஸ் (அனுப்பலாமா, நிற்க வேண்டுமா என்று சொல்லும் கம்பிகள்) இணைத்து, நிற்காமல் அனுப்பலாம். அந்தச் சில்லு 3 மெகாபாட் வரை போகும். எஃப்103-இன் சீரியல் பகுதியான யுஎஸ்ஏஆர்டி1, 72 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைப் பிசகில்லாமல் வகுத்து 3 மெகாபாட் தரும். வினாடிக்கு 300000 பைட், மொத்தம் 28 வினாடி.

இல்லாவிட்டால் எஃப்103-க்குள்ளேயே யுஎஸ்பி இருக்கிறது, அதை நேரடியாகப் பயன்படுத்தலாம். ஃபுல் ஸ்பீட், 12 மெகாபிட். ஒரு மில்லிவினாடி ஃபிரேமில் 64 பைட் பல்க் (மொத்தத் தரவு அனுப்பும் முறை) பாக்கெட் அதிகபட்சம் 19 போகும், அதாவது 1216 பைட். ஃபிளாஷால் 0.7 மில்லிவினாடிக்கு 256 பைட்தான் விழுங்க முடியும், மில்லிவினாடிக்கு ஏறக்குறைய 365. அதற்கு ஆறு பாக்கெட் போதும், 19 இடம் இருக்கிறது. 480 மெகாபிட் எதற்கு? சாலையை அகலப்படுத்தினாலும் ஊர் வாசல் அதே அளவுதானே.

நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒரு சில்லும் மிச்சமாகும்.

#8 ஈயப்பற்று

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 20 வருடமாக உற்பத்தித் தளத்தில் இருப்பவன். செம்புத்தடம் சொல்லும் கணக்கு சரி, ஆனால் "ஓகே"-வை எடுத்துவிடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த ஒரு பைட்தான் உறுதி. அதை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு பைட் தொலைந்தால் அதற்குப் பிறகு எல்லா பேஜும் ஒரு பைட் தள்ளி எழுதப்படும். பலகை தோட்டத்துக்குப் போன பிறகு விவசாயிக்குக் கேட்பது வெறும் கரகரப்புதான். நான் முன்பு இருந்த இடத்தில், வேறு ஒரு பொருளில், தரவு இப்படித் தவறாக எழுதப்பட்டு 300 பலகை திரும்பி வந்தது. அந்த மூன்று வாரத்தை இன்னும் மறக்கவில்லை. வேகத்துக்காக உறுதியை விட்டுவிடாதீர்கள்.

#9 செம்புத்தடம்

சார், உங்கள் கவலையை மதிக்கிறேன். சீரியல் கம்பியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. யுஏஆர்டி-யில் ஒரு பைட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது.

நேரடி யுஎஸ்பி-யில் நிலைமை வேறு. பல்க் பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் 16 பிட் சிஆர்சி (பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) உண்டு. வாங்கும் பக்கம் சரியாக வாங்கினால் வன்பொருளே ஏற்புச் சொல்லும், பிழை என்றால் கணினி அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும். ஒரே பாக்கெட் இரண்டு முறை வந்துவிடாமல் டேட்டா0, டேட்டா1 என்று மாறி மாறிக் குறி இருக்கும். பஃபரில் இடமில்லை என்றால் மைக்ரோகன்ட்ரோலரின் யுஎஸ்பி பகுதி தானாகவே "இப்போது முடியாது" என்று என்ஏகே கொடுக்கும், கணினி காத்திருந்து திரும்ப முயலும். நாம் மென்பொருளில் "ஓகே" வைப்பது, ஏற்கெனவே கையெழுத்தான ரசீதின்மேல் இன்னொரு கையெழுத்து வாங்குவது போலத்தான்.

அப்படியானால் "யுஎஸ்பி-யில் டேட்டா தொலைகிறது" என்று பலர் எழுதுவது ஏன்? பெரும்பாலும் ஒரே காரணம். பாக்கெட் வந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷனில், வந்த 64 பைட்டை எடுத்து முடிக்கும் முன்பே அடுத்ததை வாங்க எண்ட்பாயின்ட்டை (பாக்கெட் வந்து சேரும் வாசல்) திறந்துவிடுகிறார்கள். மாதிரி நிரல்களை அப்படியே எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். அடுத்த பாக்கெட் பழையதன்மேல் ஏறிவிடும். அதற்கு மருந்தாக "ஓகே" சேர்ப்பார்கள், வேகம் விழும், யுஎஸ்பி மேல் பழி போகும். ரிங் பஃபரில் (வந்த தரவு எழுதப்படும் வரை வரிசையில் காத்திருக்கும் இடம்) 64 பைட் இடம் இருந்தால் மட்டும் எண்ட்பாயின்ட்டைத் திற, இல்லையென்றால் மூடியே வை. இந்த ஒரு விதி போதும், ஒரு பைட்டும் தொலையாது.

ஆனால் நீங்கள் சொன்ன உறுதி கட்டாயம் வேண்டும். அதைப் பேஜுக்குப் பேஜ் வாங்காமல் கடைசியில் ஃபிளாஷிலிருந்தே வாங்கலாம். எஃப்103 முழு ஃபிளாஷையும் படித்து சிஆர்சி போட்டு நான்கு பைட் அனுப்பட்டும். 18 மெகாஹெர்ட்ஸில் 8 மெகாபைட்டைப் படிக்க 3.7 வினாடி. பேஜ் ஓகே-யைவிட இது வலுவான உறுதி. ஏனென்றால் பேஜ் ஓகே சொல்வது "எழுதச் சொன்னேன்" என்பதை மட்டும்தான், எழுதப்பட்டது சரியா என்று அது பார்ப்பதில்லை.

#10 ஈயப்பற்று

கடைசி வரி சரிதான். எங்கள் 300 பலகையிலும் பேஜுக்குப் பேஜ் ஓகே இருந்தது, ஒருவரும் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. சிஆர்சி கட்டாயம் என்றால் என் மறுப்பை எடுத்துக்கொள்கிறேன். எஃப்டி232ஆர் வழியில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 4 கிலோபைட்டுக்கு ஒரு செக்சம் வையுங்கள், இரண்டு தொகுதி முன்கூட்டியே அனுப்பிவிட்டு முதல் தொகுதியின் பதிலை வாங்குங்கள். காத்திருப்பும் இருக்காது, உறுதியும் இருக்கும்.

#11 கரையோரம்

இடையில் என் யுஎஸ்பிஆஸ்ப் பற்றி யாராவது சொல்ல முடியுமா அண்ணா? அதிலும் லேட்டன்சி டைமர் இருக்கிறதா?

#12 செம்புத்தடம்

இல்லை தம்பி, அதன் கதை வேறு. யுஎஸ்பிஆஸ்பில் இருக்கும் ஏடிமெகா8-க்கு யுஎஸ்பி வன்பொருளே கிடையாது. மென்பொருளிலேயே லோ ஸ்பீட், 1.5 மெகாபிட், ஓட்டுகிறார்கள். லோ ஸ்பீடில் பாக்கெட் 8 பைட்தான், பல்க் முறைக்கு அனுமதியே இல்லை. யுஎஸ்பிஆஸ்ப் எல்லாவற்றையும் கன்ட்ரோல் பரிமாற்றத்தில்தான் அனுப்புகிறது. அதனால் ஓர் எல்லைக்கு மேல் போகாது.

ஆனால் 30 கிலோபைட்டுக்கு நெடுநேரம் ஆகிறதென்றால் யுஎஸ்பி மேல் பழி போடாதீர்கள். சில்லுக்குள் நிரலை எழுதும் எஸ்சிகே கடிகாரம்தான் குறைவாக இருக்கும். புது ஏடிமெகா328பி 1 மெகாஹெர்ட்ஸில் வரும், எஸ்சிகே அதன் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். மெதுவான கடிகாரத்திலேயே முதலில் ஃபியூஸை (கடிகாரம் போன்ற அமைப்புகளை வைத்திருக்கும் பிட்டுகள்) எழுதி 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலுக்கு மாற்றுங்கள். அப்புறம் நிரல் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூடில் கடிகாரத்தை ஏற்றி நிரலை எழுதுங்கள். லேபில் வரிசை கரைந்துவிடும்.

#13 பட்டறைக்காரன்

நேரடி யுஎஸ்பி-க்கு மாறிவிட்டேன், சிடிசி (கணினிக்கு சீரியல் போர்ட் போலவே தெரியும்) முறையில். இதற்கே இரண்டு நாள் போனது. முதல் நாள் முழுக்கக் கணினி பலகையை அடையாளமே காணவில்லை. யுஎஸ்பி-யின் டி பிளஸ் கோட்டில் 1.5 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் இந்த மலிவு நீலப் பலகையில் 10 கிலோ ஓம் போட்டிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் தெரிகிறது. மாற்றியதும் வந்துவிட்டது.

இப்போது ஒரு விசித்திரம். வேலை முடிந்ததும் எஃப்103 ஓர் அறிக்கை அனுப்புகிறது: எத்தனை பேஜ், எத்தனை பிழை, சிஆர்சி எல்லாம் சேர்த்து 64 பைட். அது மட்டும் கணினிக்கு வரவே இல்லை. பைத்தான் காத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பைட் குறைத்து 63 ஆக்கினால் உடனே வருகிறது. 65 ஆக்கினாலும் வருகிறது. 64 மட்டும் வரவில்லை. பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

#14 செம்புத்தடம்

ஒரு பரிமாற்றம் முடிந்தது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? 64-ஐவிடச் சிறிய பாக்கெட் வந்தால் "இதோடு முடிந்தது" என்று பொருள். நீங்கள் அனுப்புவது சரியாக 64. கணினி "இன்னும் வரும்" என்று காத்திருக்கிறது. 64-இன் மடங்காக எதை அனுப்பினாலும் அதன் பின்னால் பூஜ்ய நீளப் பாக்கெட் ஒன்றை அனுப்ப வேண்டும். 65-இல் இரண்டாவது பாக்கெட் 1 பைட்தான், அதனால் அங்கே பிரச்சினை இல்லை.

இதில் மாட்டாதவர் யுஎஸ்பி எழுதியவரே இல்லை. நானும் ஒரு தீபாவளி விடுமுறையை இதற்குக் கொடுத்திருக்கிறேன்.

#15 பட்டறைக்காரன்

பூஜ்ய நீளப் பாக்கெட் சேர்த்தேன், சரியாகிவிட்டது. ஆனால் மொத்த நேரம் 2 நிமிடம் இருக்கிறது. பேஜுக்குப் பேஜ் ஓகே இன்னும் எடுக்கவில்லை, பயம். இன்று இரவு எடுத்துப் பார்க்கிறேன்.

#16 வயல்வெளி

படித்துக்கொண்டே வந்தேன். கணினிப் பக்கத்தை யாரும் சொல்லவில்லையே. பைத்தானில் ஒரு முறைக்கு எத்தனை பைட் எழுதுகிறீர்கள்? 64 பைட்டாக எழுதி, ஒவ்வொன்றும் முடிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எழுதினால், பல கணினிகளில் ஒரு ஃபிரேமுக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கில் வினாடிக்கு 64 கிலோபைட்டில் நின்றுவிடும். 16 கிலோபைட் துண்டாக எழுதுங்கள். பாக்கெட்டாக வெட்டும் வேலையை டிரைவர் பார்த்துக்கொள்ளும். லிப்யுஎஸ்பி நிரல் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் ஒரே நேரத்தில் நாலைந்து பரிமாற்றங்களை வரிசையில் போட்டுவைக்க வேண்டும், ஒன்று முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும்.

இன்னொன்று, நேரடி யுஎஸ்பி சிடிசி-யில் பாட் ரேட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை. 9600 என்று போட்டாலும் அதே வேகம்தான். புதிதாக வருபவர்கள் அதை ஏற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறார்கள்.

எஸ்டிஎம்32-க்கே நிரல் ஏற்றுபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஃப்103-இன் உள் ஃபிளாஷில் 16 பிட் எழுத வழக்கமாக 52.5 மைக்ரோவினாடி. 64 கிலோபைட்டுக்கு அது மட்டும் 1.7 வினாடி. 1 கிலோபைட் பேஜ் ஒவ்வொன்றாக அழித்தால் ஒன்றுக்கு 20 மில்லிவினாடிக்குக் குறையாது, 64 பேஜுக்கு இன்னொரு 1.3 வினாடி. மாஸ் எரேஸ் (முழுதும் ஒரே கட்டளையில் அழிப்பது) என்றால் எல்லாம் சேர்த்தே 20 முதல் 40 மில்லிவினாடி. யுஎஸ்பி-யைத் தொடாமலேயே ஒரு வினாடிக்கு மேல் மிச்சம்.

#17 பட்டறைக்காரன்

47 வினாடி.

ஓகே-யை எடுத்தேன். 8 கிலோபைட் ரிங் பஃபர் வைத்தேன், அதாவது 32 பேஜ். இடமில்லையென்றால் எண்ட்பாயின்ட்டைத் திறப்பதில்லை. எஸ்பிஐ-க்கு டிஎம்ஏ (நிரல் கைவைக்காமல் தரவை நகர்த்தும் வன்பொருள்). கணினியில் 16 கிலோபைட் துண்டு. எரேஸ் 20 வினாடி, எழுத 27 வினாடி. இப்போது லாஜிக் அனலைசரில் அந்த நேர்க்கோடு இல்லவே இல்லை. ஒரு பேஜின் பிசி முடிந்த இடத்திலேயே அடுத்த சிஎஸ் இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்தேன்.

சிஆர்சி மட்டும் கணினியோடு ஒத்துப்போகவில்லை. எஃப்103-இன் வன்பொருள் சிஆர்சி ஒன்று சொல்கிறது, பைத்தானின் இசட்லிப் நூலகம் வேறொன்று சொல்கிறது.

#18 செம்புத்தடம்

வாழ்த்துகள்! இரண்டும் ஒரே பல்லுறுப்புக்கோவைதான், பிட் வரிசை வேறு. எஃப்103 32 பிட் சொல்லை மேல் பிட்டிலிருந்து எடுக்கும், இசட்லிப் கீழ் பிட்டிலிருந்து எடுக்கும், கடைசியில் எல்லா பிட்டையும் புரட்டியும் போடும் (0 இருந்தால் 1, 1 இருந்தால் 0). கோர்டெக்ஸ் எம்3-இல் ஆர்பிட் என்று ஒரு கட்டளை உண்டு, 32 பிட்டையும் தலைகீழாக்கும். சிஆர்சி-க்குள் போடும் முன் ஒவ்வொரு சொல்லையும் ஆர்பிட் செய்யுங்கள். கடைசி விடையையும் ஆர்பிட் செய்து, எல்லா பிட்டையும் புரட்டுங்கள். ஒத்துவரும்.

இப்போது தடை ஃபிளாஷில்தான். ஃபிளாஷுக்கு வேலையைக் குறைப்பதைப் பார்ப்போம். ஒலி மொத்தம் எவ்வளவு? 8 மெகாபைட்டும் நிறைந்திருக்கிறதா?

#19 பட்டறைக்காரன்

ஆர்பிட் போட்டதும் ஒத்துவந்தது. ஒலி 5.5 மெகாபைட்தான். மீதி முழுக்க எஃப்எஃப். அதையும் சேர்த்துத்தான் இவ்வளவு நாள் எழுதிக்கொண்டிருந்தேனா!

#20 செம்புத்தடம்

ஆமாம். எஃப்எஃப் என்பது அழித்த நிலை, அதை எழுதவே தேவையில்லை. கணினியிலேயே அந்தப் பேஜ்களைக் கழித்துவிடுங்கள். 22528 பேஜ்தான் மிஞ்சும், 19 வினாடிக்குள் முடியும்.

எரேஸும் அப்படித்தான். ரீலிலிருந்து வரும் புதுச் சில்லு அழித்த நிலையில் இருக்கும். அதை மறுபடி அழிக்க 20 வினாடி கொடுக்கிறீர்கள். முதலில் படித்துப் பாருங்கள், 3.7 வினாடி. காலியாக இருந்தால் எரேஸைத் தாண்டிவிடுங்கள். இல்லையென்றால் அழியுங்கள், ஆனால் 4 கிலோபைட் செக்டாராக அழிக்காதீர்கள். ஒரு செக்டார் 45 மில்லிவினாடி, 2048 செக்டாருக்கு ஒன்றரை நிமிடம். 64 கிலோபைட் பிளாக் என்றால் 150 மில்லிவினாடிதான், 128 பிளாக்குக்கு 19 வினாடி.

#21 ஈயப்பற்று

உற்பத்தித் தளத்து யோசனை ஒன்று. எல்லாப் பலகைக்கும் ஒரே ஒலிதானே? நான்கு பலகையை ஒரே ஜிக்கில் மாட்டுங்கள். கடிகாரமும் தரவுக் கம்பிகளும் நான்குக்கும் பொது, சிஎஸ் மட்டும் தனித்தனி. பேஜ் எழுதும்போது நான்கு சிஎஸ்-ஐயும் ஒன்றாக இறக்குங்கள். எழுதும் கட்டளையின்போது ஃபிளாஷ் தன் வெளிக்கம்பியைத் தொடாது, அதனால் மோதல் இல்லை. பிசி பிட் கேட்கும்போதும் திரும்பப் படிக்கும்போதும் மட்டும் ஒவ்வொன்றாக இறக்குங்கள். அங்கே இரண்டு சிஎஸ் சேர்ந்து இறங்கினால் வெளிக்கம்பிகள் முட்டிக்கொள்ளும், கவனம். நான்கில் மெதுவானது முடியும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலகையில் இருக்கும் முதன்மை மைக்ரோகன்ட்ரோலரை ரீசெட்டில் பிடித்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? நான்கிலும் அதை மறக்காதீர்கள். ஒன்று விழித்துக்கொண்டாலும் அது தன் எஸ்பிஐ பின்களை ஓட்டத் தொடங்கிவிடும், நான்கும் கெடும். நான்கு ஃபிளாஷ் சேர்ந்து எழுதும்போது மின்னோட்டமும் நான்கு மடங்கு, பழைய ரெகுலேட்டர் தாங்குமா என்று பார்த்துவிடுங்கள்.

#22 பட்டறைக்காரன்

சார், நீங்கள் சொன்னபடியே செய்தோம். இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அக்ரிலிக் தட்டில் போகோ பின் (ஸ்பிரிங் வைத்த தொடுமுனை) வைத்து நான்கு பலகைக்கும் இடம் வெட்டினேன். முதல் நாள் மூன்றாவது இடத்தில் மட்டும் சிஆர்சி தவறியது. நீங்கள் எச்சரித்த ரீசெட் கம்பிதான், போகோ பின் ஒரு மயிரிழை குட்டையாக இருந்து தொடவில்லை. சிஆர்சி இல்லாமல் பேஜ் ஓகே மட்டும் வைத்திருந்தால் அந்தப் பலகைகள் அப்படியே தோட்டத்துக்குப் போயிருக்கும்.

இப்போது காலியா என்று பார்க்க நான்குக்கும் சேர்த்து 15 வினாடி, எழுத 19, சிஆர்சி பார்க்க 10. நான்கு பலகைக்கு 44 வினாடி. மாட்டிக் கழற்றுவதையும் சேர்த்து 40 பலகை கால் மணி நேரத்தில் முடிகிறது. முன்பு அந்தக் கணினியின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த தங்கை இப்போது சோதனை மேசைக்கு வந்துவிட்டாள், அங்கேதான் ஆள் குறைவாக இருந்தது.

#23 வயல்வெளி

அருமை. கன்னட ஒலியை மாற்றினால் என்ன செய்வீர்கள்? திரும்ப வந்த பலகையில் முழுதும் அழித்து எழுதுவீர்களா?

#24 பட்டறைக்காரன்

அதுவும் போன வாரம் வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் உச்சரிப்பு சரியில்லை என்று 12 பலகை திரும்பின. 64 கிலோபைட் பிளாக் ஒவ்வொன்றுக்கும் தனி சிஆர்சி கேட்கும் கட்டளை ஒன்று சேர்த்தேன். கணினி தன் கோப்போடு ஒப்பிட்டு, மாறிய பிளாக்குகளை மட்டும் அழித்து எழுதச் சொல்கிறது. 128-இல் 9 பிளாக் மட்டும் மாறியிருந்தது. படித்துப் பார்க்க 3.7 வினாடி, அழித்து எழுத 3.3. ஒரு பலகைக்கு 7 வினாடி.

அந்த நிரலில் பெயர்களை ஒழுங்குபடுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கேயே ஏற்றுகிறேன்.